கோட்டையில் தமிழில் ஒரு பழைய கோயில் நடை: நல்லாத்தான் இருந்தது, ஆனால் ஜிந்துப்பிட்டி எங்கே?

ஐந்துக்கு மூன்றரை. நாலரை கொடுக்க மனம் இருந்தது, ஏன் குறைத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொழும்புக் கோட்டைப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் கோயில்களைத் தமிழில் விளக்கிக் காட்டும் சனிக்கிழமைக் காலை நடை இது. ஆளுக்கு 2500 ரூபா, தண்ணீர்ப் போத்தல் அதற்குள் அடக்கம். ஆங்கிலத்தில் இப்படி எத்தனையோ உண்டு. தமிழில் என்றதும் வெள்ளவத்தையிலிருந்து அம்மாவையும் இழுத்துக்கொண்டு போய்விட்டேன். நாங்கள் சைவக்காரர். ஆனால் நான் கட்டட வரைபடம் கீறிச் சம்பாதித்தவள்; பழைய சுவரைக் கண்டால் தட்டிப் பார்க்காமல் விடமாட்டேன்.

தொடக்கம் சப்பென்று இருந்தது. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் எல்லோரும் செல்ஃபி எடுத்து முடியும்வரை வெயிலில் நிற்கவேண்டியதாயிற்று. 1857இல் கட்டிய அந்தக் கோபுரத்தை வரைந்தது ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்தார் வழிகாட்டித் தம்பி. எனக்கென்றால் அந்த அம்மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்க ஆசை.

சேர்ச் வீதியில், கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலுக்குப் பக்கத்தில் இருக்கும் சென் பீட்டர்ஸ் கோயிலுக்குள் போன பிறகுதான் தம்பி சூடு பிடித்தார். யுத்த காலத்தில் அந்தப் பக்கம் சும்மா காலடி வைக்க முடியாது. அம்மா இத்தனை வயதுக்கு இப்போதுதான் உள்ளே போகிறா. இங்கிலாந்தின் கிராமக் கோயில் ஒன்றை நினைத்துப் பாருங்கள் என்றார் தம்பி. சுற்றிவரக் கல்லறைகள், கிழக்குப் பக்கம் பீடம், ஒரு தலைமுறை வைத்த வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு தலைமுறை திறந்த யன்னல் என்று நூற்றுக்கணக்கான வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த கட்டடம். கோட்டையில் நடந்தது வேறு. இது 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்த ஆளுநரின் மாளிகை. நாம் நின்றது விருந்து மண்டபம்! 1796இல் கொழும்பைப் பிடித்த ஆங்கிலேயர், 1804 முதல் அதை ஆராதனைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அதைக் கேட்ட பிறகு கண்ணுக்குக் கட்டடமே மாறிவிட்டது. கோயில் என்று நினைத்துக் கட்டியிருந்தால் சபை இருக்கும் பகுதியும் பீடப் பகுதியும் வேறுவேறாக முளைத்திருக்கும். இங்கே ஒரே நீள மண்டபம். சாப்பாட்டு மேசை போட்ட இடத்தில் இப்போது வாங்குகள். 1821இல் இதை முறைப்படி அபிஷேகம் செய்ய மிடில்டன் ஆயர் கல்கத்தாவிலிருந்து வந்தார், ஏனென்றால் இலங்கை அப்போது அவருடைய ஆளுகையில் இருந்தது. கொழும்புக்கென்று தனி மறைமாவட்டம் 1845இல்தான், முதல் ஆயர் சப்மன்.

சுவர் முழுக்க நினைவுப் பலகைகள். ஒன்றை நேரே பார்த்தால் மங்கல். தம்பி போன் டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். வெட்டிய எழுத்தின் ஒரு கரையில் நிழல் விழுந்து, பெயர், பட்டாளம், வயது எல்லாம் ஒவ்வொன்றாய் எழும்பி வந்தன. "இவ்வளவு சின்ன வயசிலயா?" என்று அம்மா கேட்டா. இந்த ஒரு வித்தைக்கே காசு செரித்துவிட்டது. ஆனால் பதினைந்து நிமிடத்தில் "வாங்க, வாங்க" என்று கிளப்பிவிட்டார்கள். செல்ஃபிக்குப் போன நேரத்தை இங்கே கொடுத்திருக்கலாம்.

அடுத்தது வுல்வெண்டால் கோயில். அங்கே போக திரீவீல் காசு தனி என்பதை ஏறும்போதுதான் சொல்கிறார்கள். பதியும்போதே சொல்வதுதானே முறை? கோயிலைப் பற்றிக் குறை இல்லை. 1749இல் தொடங்கி 1757இல் திறந்தது, ஒல்லாந்தர் கோயிலாகவே கட்டியது, சிலுவை வடிவம். சென் பீட்டர்ஸ் பார்த்த கையோடு இதைப் பார்த்தால் ஒரு வீட்டுக்கும் ஒரு கோயிலுக்கும் உள்ள வித்தியாசம் விளக்கமே இல்லாமல் புரியும். அந்த ஒழுங்கை யோசித்தவருக்கு முழுப் புள்ளி.

சரி, குறைத்த ஒரு புள்ளி. வுல்வெண்டாலோடு நடை முடிந்தது. அங்கிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஜிந்துப்பிட்டி சென் தோமஸ் கோயில், ஆளுநர் பிரவுன்ரிக் காலத்தில் தமிழ்ச் சபைக்காகவே எழுப்பிய அங்கிலிக்கன் கோயில். முருகன் கோயிலுக்கு எத்தனை தரம் அந்தத் தெருவால் போயிருக்கிறோம், உள்ளே போனதில்லை. தமிழில் நடத்தும் நடை, தமிழர் கும்பிட்ட கோயிலை விட்டுவிட்டு ஆளுநர் விருந்து வைத்த மண்டபத்தோடு திருப்திப்படுவது என்ன கணக்கு?

தம்பியிடமே கேட்டேன். "அன்ரி, பட்டியல்ல இல்ல. ஆனா நாலு பேர் முன்கூட்டியே கேட்டா, கோயில்ல சொல்லித் திறந்து வைக்கச் சொல்லுவன்" என்றார். ஆகவே பதிகிறவர்கள் பதியும்போதே கேளுங்கள். முழங்கால் வருத்தக்காரர் என்றால் திரீவீலுக்குச் சில்லறையும் எடுத்துக்கொள்ளுங்கள்.