11 வாரமா, ஒரே இரவா: ஆட்சி கைமாறும்போது வெளியுறவுக்கு எது நல்லது?

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நவம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடுகிறது. ஜெயித்தவர் பதவியேற்பது ஜனவரி 20 நண்பகல். இடையில் ஏறக்குறைய 11 வாரம். பிரிட்டனில் 2024 ஜூலை 4 அன்று வாக்குப்பதிவு. மறுநாளே கெய்ர் ஸ்டார்மர் பிரதமர். அடுத்த வாரம் வாஷிங்டனில் நேட்டோ மாநாட்டில் உட்கார்ந்திருக்கிறார். இந்த இரண்டில் உலகத்துக்கு எது நல்லது? பெங்களூரில் இது வீட்டுக் கவலை. ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் பிள்ளையோ புராஜெக்டோ அமெரிக்காவில் இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சீக்கிரம் கைமாறுவதே நல்லது, வெளியுறவு அதிகாரிகள் நாற்காலியிலேயே இருக்கிறார்கள் என்றால். அந்த ‘என்றால்’ மிக முக்கியம்.

நீண்ட இடைவெளியில் பெரிய ஆபத்து, விடைபெறுபவர் கையில் முழு அதிகாரமும் இருப்பது. 1992 நவம்பரில் மூத்த புஷ் தோற்றார். டிசம்பரில் சோமாலியாவுக்கு 20,000-க்கும் மேற்பட்ட படையினரை அனுப்ப உத்தரவிட்டார். நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. அங்கே பஞ்சத்தில் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். உணவு லாரிகளை ஆயுதக் கும்பல்கள் மறித்தன. ஆனால் தொடங்கியவர் சில வாரங்களில் வீட்டுக்குப் போய்விட்டார். எப்படி முடிப்பது என்ற கேள்வி அடுத்த அதிபர் கிளின்டன் தலையில் விழுந்தது. 1993 அக்டோபரில் மொகதிஷுவில் 18 அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்டார்கள். 1994 மார்ச்சுக்குள் படை திரும்பியது. அடுத்த மாதமே ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கியது. வாஷிங்டன் அப்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றதற்குச் சோமாலியாவில் பட்ட சூடும் ஒரு காரணம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

இன்னொரு தொல்லை, ஒரே நாட்டுக்கு இரண்டு குரல். 2016 டிசம்பரில் இஸ்ரேலியக் குடியேற்றங்களைக் கண்டிக்கும் தீர்மானம் ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு வந்தது. அதை வீட்டோ செய்து தடுக்க வேண்டும் என்று, ஜெயித்திருந்தும் இன்னும் பதவியேற்காத டிரம்ப் வெளிப்படையாகச் சொன்னார். ஒபாமா அரசோ வாக்களிக்காமல் ஒதுங்கி நின்று அதை நிறைவேற விட்டது. மற்ற நாடுகள் யார் பேச்சைக் கேட்பது?

சரி, நல்லதே நடக்கவில்லையா? நடந்தது. 2025 ஜனவரியில் காசா போர்நிறுத்தப் பேச்சில் பைடனின் ஆள் பிரெட் மெக்கர்க்கும், டிரம்பின் ஆள் ஸ்டீவ் விட்காஃபும் தோஹாவில் சேர்ந்து வேலை பார்த்தார்கள். ஜனவரி 19 அன்று போர் நின்றது. அது இரண்டு மாதம்கூட முழுதாக நிலைக்கவில்லை என்பது பெரிய சோகம். ஆனாலும் போகிறவரும் வருகிறவரும் ஒன்றாக உட்கார்ந்தால் என்ன முடியும் என்பதை அது காட்டியது.

அப்புறம், வெளியே இருப்பவர்களுக்கு அந்த 11 வாரம் முன்னறிவிப்பாகவும் உதவுகிறது. அதே ஜனவரியில், வெளிநாட்டு மாணவர்கள் 20-ஆம் தேதிக்கு முன்பே திரும்பிவிடுவது நல்லது என்று பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அறிவுறுத்தின. எங்கள் அடுக்ககத்தில் மேல்மாடி அக்காவின் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். “பொங்கல் முடிச்சுட்டுப் போகட்டுமேக்கா” என்றேன். “வேணாம்மா, 20-ஆம் தேதிக்குள்ள அங்க இருக்கணுமாம். டிக்கெட்டை மாத்தியாச்சு” என்றார். கரும்பு வாங்குவதற்கு முன்பே பையன் கிளம்பிவிட்டான். வருத்தம்தான், ஆனால் பதற்றம் இல்லை. இதற்கு நேர்மாறாக, 2025 செப்டம்பர் 19 அன்று புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தபோது, அமலுக்கு வர இரண்டு நாள்கூட இல்லை. ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்ற விளக்கம் வருவதற்குள், விடுப்பில் ஊருக்கு வந்திருந்த பலர் விமான நிலையத்துக்கு ஓடினார்கள்.

ஒரே இரவில் கைமாறும் முறைக்குச் சிறந்த சாட்சி 1945 போட்ஸ்டாம் மாநாடு. ட்ரூமனுடனும் ஸ்டாலினுடனும் பேசிக்கொண்டிருந்த சர்ச்சில், தேர்தல் முடிவுக்காக லண்டன் போனார்; தோற்றார். அவர் இடத்தில், அவரைத் தோற்கடித்துப் பிரதமரான கிளமென்ட் அட்லி வந்து உட்கார்ந்தார். பிரிட்டனின் நிலைப்பாடு பெரிதாக மாறவில்லை. காரணம், அட்லி தொடக்கத்திலிருந்தே அந்த மாநாட்டில் சர்ச்சிலுடன் இருந்தவர். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்த அதிகாரிகளும் அதே ஆட்கள்.

இதே வேகம் கவிழ்க்கவும் செய்யும். தென்கொரியாவில் முந்தைய அதிபர் பதவி நீக்கப்பட்டதால், 2017 மே 9 தேர்தலில் ஜெயித்த மூன் ஜே-இன் மறுநாளே பொறுப்பேற்றார். அமெரிக்காவின் தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பின் ஏவுவாகனங்கள் மேலும் 4 நாட்டுக்குள் வந்திருப்பதைப் பாதுகாப்பு அமைச்சகம் தன்னிடம் தெரிவிக்கவே இல்லை என்று மாதக் கடைசியில் அறிந்து, விசாரணைக்கு உத்தரவிட்டார். அதே தாட்டுக்காகத்தான் சீனா கொரிய வணிகத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. அதிகாரிகள் இருந்தால் மட்டும் போதாது, அவர்கள் வாயைத் திறக்க வேண்டும்.

நம் நாட்டில் வெளியுறவுச் செயலாளரும் தூதர்களும் பெரும்பாலும் நிரந்தரப் பணி அதிகாரிகள். ஆட்சியோடு சேர்ந்து மொத்தமாகக் கிளம்புவதில்லை. வங்கதேசத்துடனான எல்லை ஒப்பந்தத்துக்கு 2011-ல் மன்மோகன் சிங் அரசு நெறிமுறை கையெழுத்திட்டது. எதிர்க்கட்சியாக இருந்து அதை எதிர்த்த பா.ஜ.க.வே ஆட்சிக்கு வந்து 2015-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது.

அமெரிக்காவின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அதிபர் மாறினால் சுமார் 4,000 அரசியல் நியமனங்கள் மாறுகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு செனட் ஒப்புதல் வேண்டும். 2021 ஜனவரியில் அமெரிக்கத் தூதர் கென்னத் ஜஸ்டர் டெல்லியை விட்டுப் போனார். அடுத்த தூதர் எரிக் கார்செட்டிக்கு செனட் ஒப்புதல் கிடைத்தது 2023 மார்ச்சில். நம்மைப் போன்ற பெரிய நாட்டுக்கே இரண்டு வருடத்துக்கு மேல் முழுநேரத் தூதர் இல்லை! பெங்களூருக்கு அமெரிக்கத் துணைத் தூதரகம் வரும் என்று 2023 ஜூனில் அறிவித்தார்கள். அதை கார்செட்டியும் ஜெய்சங்கரும் திறந்துவைத்தது 2025 ஜனவரி 17, பைடன் போக மூன்று நாள் இருக்கும்போது. விசா சேவை அன்றைக்குத் தொடங்கவில்லை. இத்தனை ஐ.டி. ஆட்கள் இருக்கும் ஊரிலிருந்து விசா நேர்காணலுக்கு ராத்திரி பஸ் பிடித்து சென்னை ஜெமினி மேம்பாலம் அருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போவது நின்றபாடில்லை.

அதனால் அமெரிக்கா நாட்களை மட்டும் குறைத்தால் நிலைமை மோசமாகும். 2000-ல் ஃபுளோரிடா வாக்கு எண்ணிக்கை வழக்கால் இளைய புஷ்ஷுக்குக் கிடைத்த நேரம் பாதியானது. முக்கியமான பதவிகளை நிரப்புவது அதனால் தாமதமானதை 9/11 விசாரணை ஆணையமும் குறிப்பிட்டது. முதலில் தூதர்களையும் துணைச் செயலாளர்களையும் பணி அதிகாரிகளாக ஆக்கட்டும், அப்புறம் ஜனவரி 20-ஐ முன்னால் நகர்த்தட்டும். மெக்சிகோ பதவியேற்பை டிசம்பர் 1-லிருந்து அக்டோபர் 1-க்குக் கொண்டுவந்து, 2024-ல் கிளாடியா ஷெய்ன்பாம் அன்றே பொறுப்பேற்றார். மனசு இருந்தால் தேதியை மாற்ற முடியும்.

அதுவரை, பிள்ளைகளை அங்கே வைத்திருப்பவர்கள் 2028 நவம்பர் 7-க்கும் 2029 ஜனவரி 20-க்கும் நடுவில் யார் வெளியுறவு அமைச்சராகவும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலாளராகவும் முன்மொழியப்படுகிறார்கள் என்று பாருங்கள். விசா விதிகளின் போக்கு மேடைப் பேச்சைவிட அந்தப் பெயர்களில் சீக்கிரம் தெரியும். ஜனவரி 20-க்குப் பின் தேதி போட்ட திரும்பும் டிக்கெட் இருந்தால், டிசம்பரிலேயே மாற்றிவிடுங்கள்.