12 தலைப்புகள், 18 மாதங்கள்: உயர்நிலை ஆங்கிலம் படித்த அனுபவம்

சி1 நிலைக்கான இணையவழி ஆங்கிலப் பாடத்திட்டம் ஒன்றை 18 மாதங்கள் படித்தேன். முடித்து இப்போது ஒரு வருடம் ஆகிறது. முடித்த கையோடு எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். படித்ததில் எது தங்கியது, எது கழன்று போனது என்று தெரிய இந்த ஒரு வருடம் தேவைப்பட்டது.

சி1 என்பது ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஐந்தாவது படி. ஏ1 தொடங்கி சி2 வரை மொத்தம் ஆறு. நீளமான, கடினமான எழுத்தைப் படித்து அதில் சொல்லாமல் சொன்னதையும் பிடித்துக்கொள்ள வேண்டும், சொல்லைத் தேடித் தேடி நிற்காமல் பேச வேண்டும், சிக்கலான விஷயத்தைக் கோவையாக எழுத வேண்டும். நான் சேர்ந்தபோது அதற்கு முந்தைய படியான பி2வில் இருந்தேன். அலுவலக மின்னஞ்சல் எழுதுவேன், கூட்டத்தில் பேசுவேன், வேலை நடந்தது. ஆனால் மூன்று நான்கு வருடமாக அதே இடம். தப்பு இல்லாமல் எழுதினாலும் அது ஆங்கிலம் மாதிரி இல்லை என்று எனக்கே தெரிந்தது. ஏன் என்று மட்டும் தெரியவில்லை.

பாடத்திட்டத்தில் 12 தலைப்புகள். வேலை, உடல்நலம், குற்றமும் சட்டமும், சுற்றுச்சூழல், மனித மனம், கலை, தொழில்நுட்பம் என்று போகும். ஒரு தலைப்புக்கு ஆறு வாரம். வாசிப்பு, கேட்டல், சொற்கள், இலக்கணம், ஒரு கட்டுரை அல்லது அறிக்கை, கடைசியில் ஒரு பேச்சுப் பதிவு. எழுத்து வேலை எல்லாம் 220 முதல் 260 சொற்களுக்குள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நடத்தும் சி1 தேர்வில் கேட்கும் அதே அளவு. வாரம் ஐந்து மணி நேரம் வைத்தேன், மொத்தம் 400 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கேம்பிரிட்ஜ் கணக்குப்படி பி2 வர 500 முதல் 600 மணி நேர வழிகாட்டப்பட்ட படிப்பு வேண்டும், சி1க்கு 700 முதல் 800. அதாவது நடுவில் சுமார் 200. எனக்கு இரட்டிப்பு ஆனது, ஏனென்றால் தனியாக உட்கார்ந்து திருத்தி எழுதிய நேரத்தையும் நான் சேர்த்தே கணக்குப் பார்க்கிறேன்.

முதல் இரண்டு தலைப்புகள் சுகமாகப் போயின. மூன்றாவது தலைப்பான குற்றத்தில்தான் மாட்டினேன். சொல் பகுதியைத் திறந்தால் ஒரே பக்கத்தில் தெஃப்ட், ராபரி, பர்க்ளரி, மக்கிங், ஷாப்லிஃப்டிங் (கடையில் திருடுவது) என்று ஐந்து வகைத் திருட்டு. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தெளிவாகவே இருந்தது. படித்தேன், புரிந்தது, பயிற்சியில் முழு மதிப்பெண். ஒரு வாரம் கழித்துக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது எது எது என்று ஒன்றும் நினைவில்லை. பூட்டிய வீட்டுக்குள் நுழைந்து திருடியதை ராபரி என்று எழுதினேன். போதாததற்கு, ராப் என்ற வினைக்குப் பின்னால் பறிகொடுத்த ஆளோ இடமோதான் வரும், திருடுபோன பொருள் வராது என்பதும் மறந்து, 'ராப்ட் ஹிஸ் ஃபோன்' என்று எழுதி வைத்தேன்.

என்னோடு அதே குழுவில் படித்த ஓர் அக்கா, தமிழாசிரியர், இதைக் கேட்டுவிட்டு, "தம்பி, ஒரே மாதிரி இருக்கிற அஞ்சு வார்த்தையை ஒரே நாள்ல படிச்சா குழம்பத்தான் செய்யும். ஒண்ணு ஒண்ணுக்கும் ஒரு சம்பவம் வைங்க, வேற வேற நாள்ல படிங்க" என்றார். அப்புறம் அவரே தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார். தெஃப்ட் திருட்டு. மிரட்டியோ அடித்தோ பிடுங்கினால் ராபரி, அது கொள்ளை. தெருவில் ஆளை மறித்துப் பிடுங்கினால் மக்கிங், வழிப்பறி. பர்க்ளரிக்கு அவர் சொன்னது 'கன்னமிடுதல்'. கன்னக்கோலால் சுவரைத் துளைத்து வீட்டுக்குள் இறங்குகிற திருடன் அப்படியே கண்ணில் நின்றுவிட்டான். அந்தச் சொல் எனக்கு அதற்குப் பிறகு குழம்பியதே இல்லை.

பிறகு தேடிப் படித்தபோது, 1997இல் தாமஸ் டிங்கம் என்ற ஆய்வாளர் ஏறக்குறைய இதையே சோதனை செய்து காட்டியிருப்பது தெரிந்தது. ஒரே வகையைச் சேர்ந்த சொற்களை ஒன்றாகக் கொடுத்தால் மனத்தில் நிறுத்துவது கடினமாகிறது. ஒரு காட்சியில் சேர்ந்து வரும் சொற்களைக் கொடுத்தால் எளிதாகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே 'தலைப்பு வாரியாகப் படிப்பது'தான். ஆனால் கண்ணாடி, உடைந்தது, சத்தம், பக்கத்து வீட்டுக்காரர், போலீஸ் என்ற வரிசை ஒரு நிகழ்ச்சி. ஐந்து வகைத் திருட்டின் வரிசை ஒரு பட்டியல். நான் படித்த திட்டத்தில் வாசிப்புப் பகுதிகள் நிகழ்ச்சி வகை, சொல் பக்கங்கள் பட்டியல் வகை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு சொல் பக்கத்தை முதலில் திறப்பதையே விட்டுவிட்டேன். வாசிப்பில் எந்தச் சொல் எந்த வாக்கியத்தில் வந்ததோ, அந்த வாக்கியத்தோடு அட்டையில் எழுதி, மூன்றாம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம் கழித்து என்று திருப்பிப் பார்த்தேன்.

சுற்றுச்சூழல் தலைப்பில் நடந்தது இதைவிடப் பெரிய விஷயம். அறிக்கை ஒன்றில், புதிய முறையால் நல்ல முன்னேற்றம் ஏற்பட்டது என்று சொல்ல 'காஸ்ட் எ கிரேட் இம்ப்ரூவ்மென்ட்' என்று எழுதியிருந்தேன் ('காஸ்ட்' என்பது இங்கே 'காஸ்' என்ற வினையின் இறந்தகாலம், விலை அல்ல). இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. திருத்திய டியூட்டர் 'காஸ்ட்' என்ற ஒரு சொல்லை மட்டும் அடிக்கோடிட்டு, இந்தச் சொல் வாசிப்புப் பகுதியில் எங்கெல்லாம் வருகிறது, அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். வெள்ளம், சேதம், நோய், பற்றாக்குறை, கவலை. ஓர் இடத்தில்கூட நல்லது வரவில்லை. நல்லதற்கு 'லெட் டு' (வழிவகுத்தது) அல்லது 'பிராட் அபௌட்' (கொண்டுவந்தது) வந்திருந்தது.

நான் வைத்திருந்த அகராதியில் 'காஸ்' என்றால் காரணமாக இரு என்று மட்டும்தான் இருந்தது. பெரும்பாலும் கெட்டதோடு சேர்ந்தே புழங்கும் அதன் பழக்கம் அதில் இல்லை. தமிழிலும் இதேதான். 'கடும் விமர்சனத்துக்கு உள்ளானார்' என்போம். 'பெரும் பாராட்டுக்கு உள்ளானார்' என்று யாராவது எழுதினால் பல்லில் கல் பட்ட மாதிரி இருக்கும். யாரும் நமக்கு இதை விதியாகச் சொல்லித்தரவில்லை, ஆயிரம் தடவை கேட்டதால் வந்தது. மழை பெய்யும், வெயில் அடிக்கும், காற்று வீசும். எந்தக் குழந்தையும் 'வெயில் பெய்கிறது' என்று சொல்லாது. ஆங்கிலத்தில் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. கொலோகேஷன் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். என் ஆங்கிலம் ஏன் ஆங்கிலம் மாதிரி இல்லை என்ற பழைய கேள்விக்கு அந்த அடிக்கோட்டில்தான் பதில் கிடைத்தது. நான் பல வருடமாகத் தனித்தனிச் சொற்களைச் சேர்த்துவைத்திருந்தேன், அவற்றின் கூட்டாளிகளைச் சேர்க்கவில்லை.

அன்று முதல் பழைய கட்டுரைகளை எடுத்துத் தேடினேன். 'டிஸ்கஸ் அபௌட்' எத்தனை இடம்! நாம் 'அதைப் பற்றி' விவாதிக்கிறோம், அதனால் 'அபௌட்' தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் டிஸ்கஸ் என்றாலே 'பற்றி'யும் உள்ளே அடக்கம். ரிசர்ச், எக்விப்மென்ட், அட்வைஸ், இன்ஃபர்மேஷன் எல்லாவற்றுக்கும் பின்னால் பன்மை 'எஸ்' போட்டு வைத்திருந்தேன். இவை பி2விலேயே போயிருக்க வேண்டியவை. போகாமல் ஊறிக் கிடந்தன.

கேட்டல் பகுதியைப் பற்றி ஒன்று. எழுத்தில் தெரிந்த சொல் காதில் ஏன் விழமாட்டேன் என்கிறது என்பது என் நெடுநாள் குறை. 'ஷுட் ஹேவ் பீன்' என்று மூன்று சொல்லாக எதிர்பார்த்துக் காத்திருந்தால், காதில் 'ஷுடபின்' என்று ஒரே மூச்சில் கடந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத அசையின் உயிர் பெரும்பாலும் தேய்ந்து 'ஷ்வா' என்கிற மங்கிய ஒலியாகிவிடும். அந்த மொழியில் மிக அதிகம் வரும் உயிரொலியே அதுதான். நாம் ஒவ்வொரு அசைக்கும் அதன் முழு உரிமையைக் கொடுத்து உச்சரிப்பவர்கள், கேட்கும்போதும் அதையே எதிர்பார்க்கிறோம். ஆனால் தேயும் உயிர் நமக்குப் புதிதா என்ன? 'நாடு', 'பாக்கு' என்று சொல்லிப் பாருங்கள், கடைசி உகரம் முழுதாக ஒலிப்பதில்லை, அதுதான் குற்றியலுகரம். இரண்டும் ஒன்றல்ல, இருந்தாலும் உயிர் குறுகும் என்பது நம் காதுக்குப் பழக்கமான விஷயம் என்று உணர்ந்தபோது பயம் போனது. ஒரு நிமிடப் பதிவை எடுத்துச் சொல் விடாமல் எழுதிப் பார்க்கும் பயிற்சியைத் தினமும் செய்தேன். நான்கு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. பாடத்திட்டத்தில் இருந்த உச்சரிப்பு வகைகள் இரண்டே இரண்டுதான், அது போதாது. வேறு வேறு நாட்டுக்காரர்கள் பேசுவதை வெளியே தேடிக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

இலக்கணத்தில் 'நெவர் ஹேவ் ஐ' போன்ற தலைகீழ் வாக்கியங்களுக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்க வேண்டாம். வேலையில் இதுவரை ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை. 'வாட் வி நீட் இஸ்' என்று தொடங்கும் அமைப்பு மட்டும் தினமும் உதவுகிறது. 'நமக்குத் தேவைப்படுவது நேரம்தான்' என்று நாம் சொல்கிற அதே தொனி.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது தானியங்கி மதிப்பீடு. பாதித் தலைப்புகளில் கட்டுரையை மென்பொருள்தான் திருத்தியது. மோரோவர், ஃபர்தர்மோர், நெவர்த்லெஸ் என்று வாக்கியத்துக்கு ஒன்று போட்டால் மதிப்பெண் ஏறியது. எடுத்துவிட்டால் இறங்கியது. அடுத்த தலைப்பில் அதே பாணியில் எழுதியதை டியூட்டர் படித்துவிட்டு, அந்த இணைப்புச் சொற்களில் பாதிக்கு வாக்கியங்களுக்கு நடுவே இணைப்பே இல்லை என்று குறித்திருந்தார். அவர் சொன்னது சரி. மென்பொருளை நம்பி மூன்று தலைப்புகள் தப்பான பழக்கத்தில் ஓடின. டியூட்டரின் ஃபீட்பேக் வர இரண்டு வாரம் ஆகும், சில சமயம் மூன்று. அதற்குள் அடுத்த வேலை தொடங்கியிருக்கும். புகார் எழுதினேன், பதில் மரியாதையாக வந்தது, வேகம் மாறவில்லை. ஆனாலும் அந்த மனிதர் எழுதிய பத்து வரிக் குறிப்பு ஒவ்வொன்றையும் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். 'இது உங்களுக்கு எப்படி உறுதியாகத் தெரியும்?' என்று மனித மனம் தலைப்பில் ஓரிடத்தில் கேட்டிருந்தார். அதற்குப் பிறகுதான் மே, மைட், டெண்ட்ஸ் டு, அப்பியர்ஸ் டு எல்லாம் என் எழுத்துக்குள் வந்தன. 'ஆகலாம்', 'ஆகக்கூடும்', 'என்று தெரிகிறது' என்று தமிழில் எவ்வளவு கவனமாக எழுதுகிறோம்! ஆங்கிலத்தில் மட்டும் எல்லாவற்றையும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, ஒரு வருடம் கழித்து என்ன மிச்சம்? பனிப்பாறை, வழக்கு விசாரணை, ஓவியக் கலை பற்றிய சொற்களில் பாதிக்கு மேல் கேட்டால் புரியும், ஆனால் பேசும்போது வருவதில்லை. நாள்தோறும் கைகொடுப்பவை எந்தத் தலைப்பையும் சேராத சொற்கள். அசியூம், சிக்னிஃபிகன்ட், ஃபேக்டர், 'டு சம் எக்ஸ்டென்ட்', 'அகௌன்ட் ஃபார்'. ஏவ்ரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரே சொல்லிலிருந்து கிளைத்த சொற்களின் தொகுதிகள்) இருக்கின்றன. எந்தத் துறையின் கல்விசார் புத்தகத்தைத் திறந்தாலும் சுமார் பத்தில் ஒரு சொல் அதிலிருந்து வரும். அந்தப் பட்டியலை முன்பு இரண்டு முறை மனப்பாடம் செய்ய முயன்று பாதியில் விட்டிருக்கிறேன். இங்கே குற்றத்தில் ஒரு தடவை, உடல்நலத்தில் ஒரு தடவை, கலையில் ஒரு தடவை என்று வேறு வேறு கூட்டாளிகளோடு வந்து வந்து அவை பழகிவிட்டன. தலைப்பு 12 முறை மாறியதால்தான் மாறாமல் கூட வந்தது எது என்று தெரிந்தது. ஒரே துறையை மட்டும் ஆழமாகப் படித்திருந்தால் இது கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இப்படியொரு பாடத்திட்டத்தில் சேர நினைப்பவர்கள், மனிதர் திருத்தித் தருவாரா, எத்தனை நாளில் தருவார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, மாதிரி வாசிப்புப் பகுதி ஒன்றை வாங்கி, ஏதாவது 100 சொற்களை எடுத்துத் தெரியாதவற்றை எண்ணிப் பாருங்கள். யார் உதவியும் இல்லாமல் படித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது பால் நேஷன் போன்ற சொல்வள ஆய்வாளர்களின் கணக்கு. மூன்று நான்கு சொற்கள் தெரியாவிட்டால் தாராளமாகச் சேரலாம், பாடமே மீதியைப் பார்த்துக்கொள்ளும். பத்துக்கு மேல் போனால் ஆறு மாதம் எளிய எழுத்துகளை நிறையப் படித்துவிட்டு வாருங்கள். எல்லாச் சொல்லும் தெரிந்தவையே என்றால், அதே 100 சொற்களில் உள்ள வினைகளை மட்டும் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் என்ன நிற்கிறது என்று பாருங்கள். பக்கத்தை மூடிவிட்டு, அந்த ஜோடிகளை அப்படியே உங்களால் எழுத முடிகிறதா என்று பாருங்கள்.