'லைசென்ஸ் அடக்கம்' என்று ஒரே வரியில் விலைப்புள்ளி வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

திருநெல்வேலி வட்டாரத்தில் பல கிளைகளோடு தொழில் நடத்தும் நிறுவனங்கள் பலவும் இப்போது சர்வர் மாற்றிக்கொண்டிருக்கின்றன. எங்களுக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் தலைமை அலுவலகம் வண்ணார்பேட்டையில் இருக்கிறது. தென்காசி, அம்பை, வள்ளியூர், சங்கரன்கோவில் என எல்லாக் கிளைகளின் பில்லும் இங்குள்ள ஒரே சர்வரில்தான் பதிவாகும். பழைய சர்வரில் இருந்த விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 என்ற இயங்குதளத்துக்கு 2023 அக்டோபர் 10-உடன் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) முடிந்துவிட்டது. எங்கள் பில்லிங் மென்பொருளுக்குப் பொருந்துவது 2019 பதிப்பு என்று முடிவானது. உள்ளூரில் நல்ல பெயரோடு இருந்த ஒரு நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தோம். "அண்ணாச்சி, லைசென்ஸ் எல்லாம் இதிலேயே அடக்கம், நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்றார் அதன் உரிமையாளர். பில்லிலும் அதே சொற்கள், அதே ஒற்றை வரி. கணக்குப் பிரிவில் இருந்து முழுத் தொகையையும் கொடுத்தோம்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் எந்தக் கிளையாலும் சர்வருக்குள் நுழைய முடியவில்லை. அந்த நிறுவனத்தின் ஆள் வந்தார், ஏதோ செய்தார், சரியானது. அதற்குச் சேவைக் கட்டணம் என்று தனி பில்லும் வைத்தார். உண்மையில் நடந்தது இதுதான்: தொலைவிலிருந்து பலர் ஒரே சர்வரில் வேலை செய்யத் தனி உரிமம் வேண்டும்; அது இல்லாமல் 120 நாள் வரை மட்டுமே சர்வர் அனுமதிக்கும். அவர் அந்த உரிமத்தை வாங்கவே இல்லை. நாள் கணக்கைக் குறித்துவைக்கும் பதிவை அழித்து, எண்ணிக்கையை மறுபடி முதலில் இருந்து தொடங்க வைத்துவிட்டு, அதற்கும் எங்களிடம் காசு வாங்கியிருக்கிறார்.

பெரிய அடி பிறகு விழுந்தது. மாத விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாள் 11-ஆம் தேதி. அதற்கு முந்தின நாள் சர்வர் தானாக அணைந்தது. போட்டோம், ஒரு மணி நேரத்தில் மறுபடி அணைந்தது. வள்ளியூரில் சரக்கேற்றிய லாரிகள் பில் இல்லாமல் நின்றன. சர்வர் அறையில் திரையைப் போட்டுப் பார்த்தபோது வலது கீழ் மூலையில் சிறிய எழுத்தில் 'சோதனைப் பதிப்பு' என்று ஆங்கிலத்தில் இருந்தது. மைக்ரோசாஃப்ட் 180 நாளுக்கு இலவசமாகத் தரும் பதிப்பு அது. கெடு முடிந்தால் மணிக்கொரு முறை அணைந்துவிடும். கிளைகளில் பில்லிங் ஜன்னல் மட்டும் திறக்கும்படி அமைத்திருந்ததால் அந்த எழுத்து யார் கண்ணிலும் படவில்லை. தெரியாமல் நடந்த பிழை என்று நான் நம்பத் தயாராக இல்லை.

உடனே உரிமத்துக்கான சாவி எண் வாங்கிப் போட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பயனர் கணக்குகளை ஆளும் டொமைன் கன்ட்ரோலரையும் அதே இயந்திரத்தில் குவித்து வைத்திருந்தார்கள். அந்த நிலையில் சோதனைப் பதிப்பை முழுப் பதிப்பாக மாற்ற முடியாது. வேறொரு இயந்திரத்தை அமைத்து அந்தப் பொறுப்பை அதற்கு மாற்றிய பிறகே இதைச் சரிசெய்ய முடிந்தது. மதுரையிலிருந்து வந்த பொறியாளர் இரவு முழுவதும் இருந்து முடித்துக் கொடுத்தார்.

அவர் விளக்கிய பிறகுதான் அந்த ஒற்றை வரிக்குள் எத்தனை செலவுகள் ஒளிந்திருந்தன என்று தெரிந்தது. சர்வர் உரிமம் பிராசசருக்குள் இருக்கும் கோர் எனப்படும் செயலிப் பகுதிகளின் கணக்கில் வரும். ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். ஸ்டாண்டர்டு பதிப்பில் இரண்டு மெய்நிகர் இயந்திரங்களுக்கு (ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிபோல இயங்குபவை) மட்டுமே இடம். சர்வரைப் பயன்படுத்துவோருக்கு ஆள் கணக்கிலோ கருவி கணக்கிலோ தனி உரிமம் வேண்டும். ஷிப்ட் மாறி ஒரே கணினியில் பலர் உட்காரும் குடோன்களுக்குக் கருவிக் கணக்கே லாபம். தொலைவழி உரிமம் இவற்றுக்கும் மேல்.

விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்று வருபவரிடமும் ஆதரவு எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். 2029 வரை என்று நம்பப்பட்ட சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் பதிப்பை 2021 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டார்கள். கோப்புகளைச் சேமிக்க மட்டும் என்றால் லினக்ஸில் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் தாராளமாகப் போதும், ஆள் கணக்கில் உரிமமும் வேண்டாம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றால், வணிக நோக்கத்துக்காக வாங்கும் எங்களைப் போன்ற நிறுவனம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர் ஆகாது. வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்; பதில் இல்லை. அதே ஆள் இப்போது வேறு நிறுவனங்களுக்கு விலைப்புள்ளி கொடுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். ஒவ்வொரு உரிமத்தையும் தனி வரியாக, எண்ணிக்கையோடு, உங்கள் நிறுவனத்தின் பெயரில் கேளுங்கள். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் சர்வர் திரையை நீங்களே நேரில் பாருங்கள்.