லேப்வியூவின் கண்ட்ரோல் யூ: வயர்ச் சிக்கலுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

லேப்வியூவில் நிரலை எழுத்தாக எழுதுவதில்லை, பெட்டிகளையும் அவற்றை இணைக்கும் வயர்களையும் வரைகிறோம், அந்தப் படம்தான் பிளாக் டயகிராம். அது மூன்று திரை அகலத்துக்கு நீண்டு, வயர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாத நிலையில் ஒரே அழுத்தில் எல்லாம் வரிசைக்கு வந்துவிட்டால் எப்படி இருக்கும்! கண்ட்ரோல் விசையோடு யூ அழுத்தினால் இயங்கும் 'கிளீன் அப் டயகிராம்' வசதிக்கு இருக்கும் மவுசு அதனால்தான். மென்பொருள் வந்தது 1986-ல், இந்த வசதி சேர்ந்தது 2008-ல் வெளியான 8.6 பதிப்பில். அதுவரை எல்லாம் கையால் இழுத்து வைத்ததுதான்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னப் பகுதிக்கு அருமையான கருவி, பெரிய டயகிராம் முழுவதற்கும் அழுத்தவே கூடாது.

காரணம் எளிது. அதற்குத் தெரிவது பெட்டிகளும் வயர்களும் மட்டும்தான். இடமிருந்து வலமாக அடுக்கும், வயர்களின் வளைவுகளைக் குறைக்கும், விருப்பங்களில் சொல்லிவைத்தால் மதிப்பை உள்ளே கொடுக்கும் கண்ட்ரோல்களை இடது ஓரத்துக்கும் முடிவைக் காட்டும் இண்டிகேட்டர்களை வலது ஓரத்துக்கும் தள்ளும். ஆனால் மேலே இருக்கும் நான்கு நோடும் (பெட்டியும்) சென்சார் படிப்பதற்கு, கீழே தனியாக இருப்பது கோப்பில் எழுதுவதற்கு என்று நீங்கள் யோசித்துப் பிரித்து வைத்தது அதற்கு எப்படித் தெரியும்? நிரல் அப்படியேதான் ஓடும், ஆனால் உங்கள் கண்ணுக்குப் பழகிய இடங்கள் எல்லாம் மாறிப்போகும். பலர் சேர்ந்து தொடும் கோப்பு என்றால் இன்னும் மோசம், பழைய பதிப்போடு ஒப்பிடும்போது வெறும் இட மாற்றங்களுக்கு நடுவே உண்மையான மாற்றத்தைத் தேட வேண்டிவரும். ஒப்பிடும் கருவியில் தோற்ற மாற்றங்களைத் தவிர்க்கும் தேர்வு இருக்கிறது, அதை மறக்காமல் பயன்படுத்துங்கள்.

அதே கருவியைக் கொஞ்சமாகப் பயன்படுத்திப் பாருங்கள். ஒரு கேஸ் ஸ்ட்ரக்சருக்குள் (நிபந்தனைக்கு ஏற்ப ஓடும் சட்டத்துக்குள்) இருக்கும் ஐந்தாறு நோடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் யூ அழுத்தினால், பின்னால் ஒளிந்து ஓடிய, பிழைத் தகவலைக் கடத்தும் எரர் வயர்கூட வெளியே வந்து நேராக நிற்கும். ஒரே ஒரு வயர்தான் கோணல் என்றால் அதன் மேல் வலது கிளிக் செய்து 'கிளீன் அப் வயர்' போதும். நீங்கள் பார்த்துப் பார்த்து அடுக்கிய லூப்பை, அதன் ஓரத்தில் வலது கிளிக் செய்து இந்த ஒழுங்குபடுத்தலில் இருந்து விலக்கியும் வைக்கலாம். இந்த வசதி பலருக்குத் தெரிவதே இல்லை, எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே இதுதான்.

அப்புறம் டயகிராமில் நீங்கள் எழுதிவைக்கும் குறிப்புகள். சும்மா மிதக்கும் லேபிள்கள், அடுக்கி முடித்ததும் அவை விளக்கிய நோடை விட்டு விலகி எங்கேயோ போய் நிற்கலாம். 2013 பதிப்பிலிருந்து லேபிளை ஒரு அம்புக்குறியால் நோடோடு இணைத்து வைக்க முடியும், முதலில் அதைச் செய்துவிட்டுத்தான் ஒழுங்குபடுத்த வேண்டும்.

ஆனாலும் டயகிராம் பெருத்துப் போனதற்கு மருந்து இந்தக் கருவியில் இல்லை. கூட்டத்தை வரிசையில் நிறுத்தினாலும் கூட்டம் குறையாதே! ஒரு வேலையைச் செய்யும் பகுதியைத் தேர்ந்தெடுத்து எடிட் மெனுவில் 'கிரியேட் சப்விஐ' கொடுங்கள், அந்தப் பகுதி ஒரே பெட்டியாகச் சுருங்கித் துணை நிரலாகிவிடும். அருகருகே ஓடும் பத்து வயர்களை ஒரு கிளஸ்டராக, அதாவது ஒரே கட்டாக, கட்டுங்கள், அந்தக் கிளஸ்டரை டைப் டெஃப் (எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரே வரையறை) ஆக்கிவிடுங்கள், நாளைக்கு ஒரு உறுப்பு கூடினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். சப்விஐ உருவாக்கிக் கொடுக்கும் ஐகானை அப்படியே விடாதீர்கள், இரண்டு சொல்லாவது எழுதுங்கள். சப்விஐக்கு வயர்கள் வந்து சேரும் இடங்களைக் குறிக்கும் கனெக்டரில் 4-2-2-4 அமைப்பை எல்லாவற்றுக்கும் ஒரேபோல் வைத்து, எரர் இன் இடது கீழ் மூலையிலும் எரர் அவுட் வலது கீழ் மூலையிலும் இருந்தால், சப்விஐகளை ஒரே மட்டத்தில் வரிசையாக வைக்கும்போது எரர் வயர் வளையாமல் நேர்கோட்டில் போகும், கண்ட்ரோல் யூ தேவையே படாது.