சாம்பல் அந்துப்பூச்சிக்கு ஏற்ற கிளிப் லென்ஸ்

ராத்திரி வாசல் விளக்கடியில் வந்து ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்ன சாம்பல் அந்துப்பூச்சிகளுக்காகவே போனில் மாட்டும் இந்த மேக்ரோ லென்ஸை வாங்கினேன், அருமையான பொருள். நேற்று யூபிதீசியா என்ற பேரினத்தைச் சேர்ந்த ஓர் அந்துப்பூச்சி, இறக்கைகளைத் தட்டையாக விரித்துச் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தது; வெறும் கண்ணுக்கு அழுக்குக் கறை மாதிரிதான் இருந்தது, படத்திலோ முன்னிறக்கை நடுவே கறுப்புப் புள்ளி, ஓரத்தில் நெளிநெளியாக ஒரு வெளிர்கோடு எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தன. ரொம்பக் கிட்டே போக வேண்டும், போனின் நிழல் விழும், கையில் ஒரு டார்ச் இருக்கட்டும்.

அப்புறம், இந்தப் பேரினத்தில் வட அமெரிக்காவில் மட்டும் 150க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, பலவற்றை இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. உயிரினப் படங்களைப் போட்டு அடையாளம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இனப் பெயர் போடாமல் பேரினத்தோடு நிறுத்திக்கொண்டேன்.