மலைச்சரிவு வீட்டுக்கு மர நடைவண்டி ஏற்றதா?

மேட்டுப்பாளையத்தில் மரச்சாமான் விற்கும் ஒரு கடையில் 1,650 ரூபாய்க்கு வாங்கிய வேப்பமர நடைவண்டி, கோத்தகிரியில் எங்கள் வீட்டில் இரண்டு பருவமழைகளையும் ஒரு குளிர்காலத்தையும் பார்த்துவிட்டது. பேரனுக்கு ஒரு வயது நிறைந்த கையோடு வாங்கியது அது. சமவெளியில் இருப்பவர்கள் நடைவண்டியைப் பாராட்டி எழுதியவை ஏராளமாகக் கிடைக்கின்றன. வாசலைத் தாண்டினால் படிக்கட்டும், படிக்கட்டைத் தாண்டினால் சரிவும், மாதக்கணக்கில் காயாத ஈரமுமாக இருக்கும் மலைவீட்டில் அது எப்படி உழைக்கிறது என்று சொல்பவர் குறைவு என்பதால் இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம், ஆனால் குழந்தைக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். நடக்கத் தொடங்கிய பிறகுதான் இந்த வண்டியின் உண்மையான பயன் தொடங்குகிறது.

பொருளைப் பற்றி அதிகம் விவரிக்கத் தேவையில்லை. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு சக்கரங்கள், நடுவே ஒரு கட்டை, அதன்மேல் நிற்கும் சட்டம், அதன் உச்சியில் கடைசல் பிடித்த கைப்பிடி. கைப்பிடி தரையிலிருந்து 44 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு வயதுக் குழந்தையின் உயரம் பெரும்பாலும் 75 சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும் என்பதால், குழந்தை குனியாமலும் கையைத் தூக்காமலும் பிடித்துத் தள்ள இந்த அளவு பொருந்துகிறது. சக்கரம் உருளும்போது முன்புறத்தில் உள்ள இரண்டு மரத்துண்டுகள் மாறி மாறித் தட்டி ஓசை எழுப்புகின்றன. அந்த ஓசைதான் குழந்தையை மேலும் மேலும் தள்ள வைக்கிறது. மழை விடாத நாளில் வீட்டுக்குள் நாள் முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பதற்குப் பெரியவர்களுக்குத் தனிப் பொறுமை வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நடைவண்டி வாங்கினால் பிள்ளை சீக்கிரம் நடந்துவிடும் என்பது நம் வீடுகளில் கேட்டுப் பழகிய பேச்சு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி ஆய்வின்படி, நலமாக உள்ள குழந்தைகள் துணையின்றி நடக்கத் தொடங்கும் காலம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிந்து கிடக்கிறது. இவ்வளவு பெரிய இடைவெளிக்குள் எந்தக் குழந்தை எப்போது நடந்தாலும் அதன் பெருமையை வண்டிக்குக் கொடுப்பது சரியாகாது. நடை என்பது விழுந்து விழுந்தே வருவது. 12 முதல் 19 மாதம் வரையுள்ள குழந்தைகள் தாமாக விளையாடும்போது கவனித்துக் கணக்கிட்ட ஓர் ஆய்வு, அவர்கள் சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 அடிகள் எடுத்து வைத்து, 17 முறை விழுந்ததாக 2012-இல் தெரிவித்தது. வண்டியைப் பிடித்துக்கொண்டு செல்லும் குழந்தை அவ்வளவு விழுவதில்லை. ஆகவே விழுந்து எழும் பயிற்சியும் அதற்கு அந்த அளவில் கிடைப்பதில்லை. எங்கள் வீட்டில் காலை நேரத்தில் வண்டியை எடுத்து மறைத்து வைத்துவிட்டு, வெறும் பாயில் வெறுங்காலுடன் விட்டோம். காலுறை மாட்டிய கால் சிமெண்டுத் தரையில் வழுக்கும். குளிருக்குப் பயந்து காலுறையோடு விடுபவர்கள், அடியில் ரப்பர்ப் புள்ளி வைத்த காலுறையையாவது தேடி வாங்க வேண்டும்.

உள்ளே உட்கார வைத்து உருட்டிவிடும் பிளாஸ்டிக் வாக்கரோடு இதை ஒப்பிட்டுக் கேட்பவர்கள் உண்டு. அதைப் பற்றி எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. வாக்கரில் அமர்ந்த குழந்தை தன் கால்களைப் பார்க்க முடியாது, பெரியவர் எட்டிப் பிடிப்பதற்குள் அறையைக் கடந்துவிடும். படிக்கட்டில் உருண்டு விழும் ஆபத்தை முதன்மையாகக் கருதியே கனடா 2004-இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. வாசற்படி இறங்கினால் தேயிலைச் சரிவு என்று இருக்கும் நீலகிரி வீடுகளில் அதற்கு இடமே இல்லை. நடைவண்டியில் குழந்தை தன் சொந்தக் காலில் நிற்கிறது. கையை விட்டால் வண்டி போகும், குழந்தை அங்கேயே உட்கார்ந்துவிடும். இந்த ஒரு வேறுபாடு போதுமானது.

இனி, இதை ஏன் பாராட்டுகிறேன் என்பதற்கு வருகிறேன். நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகு பேரன் இதை நடைக்காகப் பிடிக்கவில்லை, சுமக்கப் பிடித்தான். முன்கட்டையின்மேல் ஒரு பழைய மூங்கில் கூடையைக் கட்டிக் கொடுத்தோம். அன்று முதல் வீட்டில் நடக்கும் ஒவ்வொரு வேலையிலும் அவனுக்கு ஒரு பங்கு கிடைத்துவிட்டது. சந்தையிலிருந்து வந்த உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டு, சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், தரையில் கொட்டி, மறுபடியும் பொறுக்கிப் போடுவான். மண் ஒட்டிய பீட்ரூட்டுக்கும் கழுவிய கேரட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கையால் தடவிப் பார்ப்பான். கொடியிலிருந்து எடுத்த துணியில் சின்னதெல்லாம் அவன் வண்டியில்தான் உள்ளே வரும். போடுவதும் எடுப்பதும் கொட்டுவதும்தான் இந்த வயதில் விளையாட்டு. அதற்குத் தனியாக விலை கொடுத்து வாங்கும் பொம்மைகளை விட, எடையும் மணமும் மேடுபள்ளமும் உள்ள காய்கறி எவ்வளவோ மேல். (பச்சைக் கேரட்டைக் கடித்துத் துண்டாக்கும் அளவுக்குப் பல் வந்துவிட்டால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்; அந்தத் துண்டு தொண்டையை அடைக்கக்கூடியது.)

ஒன்று முதல் இரண்டு வயதுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது பலவகையாக உடலை இயக்க வேண்டும் என்றும், ஒரு வயதில் திரை பார்க்கும் நேரமே வேண்டாம் என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. மூன்று மணி நேரம் என்பது சமவெளியில் தெருவும் திண்ணையும் பார்த்துக்கொள்ளும் வேலை. மேகம் வாசல் வரை இறங்கி, அடுத்த வீட்டுக் கூரையே தெரியாத ஜூலை மாதத்தில், இரண்டு அறைக்குள் அந்த மூன்று மணி நேரத்தை நிரப்புவதுதான் மலைவீட்டுப் பெற்றோரின் உண்மையான சிக்கல். கைப்பேசியைக் கொடுத்துவிடத் தோன்றுவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் பெருமளவை இந்த வண்டி ஏற்றுக்கொண்டது என்பதே நான் இதற்குக் கொடுக்கும் முதன்மையான மதிப்பெண்.

குறைகளில் பெரியது மூன்று சக்கர அமைப்பு. முன்னால் ஒரே சக்கரம் இருப்பதால், குழந்தை திரும்பும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியும் அந்தப் பக்கமே கவிழ்கிறது. நிற்பதற்காகக் கைப்பிடியைப் பிடித்து இழுக்கும் குழந்தைக்கு, வண்டி தன்மேல் சாய்ந்து வரும் அல்லது முன்னே நழுவி ஓடும். இதற்கு எளிய தீர்வு உண்டு: இரண்டு கிலோ அரிசியைத் துணிப்பையில் முடிந்து முன்கட்டையின்மேல் கட்டிவிட்டால் வண்டி தரையைப் பற்றிக்கொண்டு மெதுவாக நகர்கிறது. நடை உறுதியான பின் எடையைக் குறைக்கலாம். கைப்பிடியில் பை எதையும் மாட்டக் கூடாது. அது கவிழ்வதை விரைவுபடுத்தும். நிறுத்துவதற்கு வழி எதுவும் இதில் இல்லாததால் மழைநீர் வடிவதற்காகச் சரித்துக் கட்டிய முற்றத்தில்கூட இதை விட முடியாது. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தளத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பாருங்கள். அது உருண்டால் அங்கே வண்டி வேண்டாம். நாங்கள் படிக்கட்டுக்கு மூங்கில் படல் கட்டிய பிறகே கூடத்தில் வண்டியை விட்டோம்.

அடுத்தது ஈரம். சமவெளியின் வெயிலில் காய்ந்த மரம் மலைக்கு வந்ததும் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. மரம் நாரின் நீளவாக்கில் அதிகம் மாறுவதில்லை, குறுக்குவாக்கில்தான் உப்பும். இந்த வண்டியில் சக்கரம் மட்டுமன்றி அச்சும் மரம். ஆகவே ஜூன் முடிவதற்குள் அச்சு துளைக்குள் இறுகிப் பின்சக்கரம் ஒன்று சுற்றுவதையே நிறுத்திவிட்டது. கடையாணியைத் தட்டி எடுத்து, அச்சை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மெழுகுவர்த்தியைப் பூசி மாட்டியதும் சரியாகிவிட்டது. எண்ணெய் விடலாமா என்று கேட்பவர்களுக்கு: விட வேண்டாம், அது மரத்தில் ஊறித் தூசியைப் பிடித்துக் கறுப்பாகக் குழந்தையின் கையில் ஒட்டும். தை மாதத்தில் பகல் வெயிலும் இரவு உறைபனியும் மாறி மாறி வரும்போது நிலைமை தலைகீழாகிறது. மரம் சுருங்கிச் சட்டத்தின் பொருத்துகள் ஆடத் தொடங்குகின்றன. அந்தப் பருவத்தில் வாரம் ஒருமுறையாவது ஆணிகளை அசைத்துப் பார்ப்பது நல்லது.

கைப்பிடியிலும் தட்டுக் கட்டைகளிலும் சிவப்பும் மஞ்சளுமாக அரக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். சன்னபட்டணத்துப் பொம்மைகளைப் போலவே, கடைசலில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டில் அது உருகிப் படிகிறது. பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். பல் முளைக்கும் குழந்தை கைப்பிடியைக் கடிக்காமல் விடாது. ஆகவே அங்கே உதிரும் வண்ணம் இல்லாதது ஆறுதல். சானிட்டைசர் கொண்டு மட்டும் துடைக்காதீர்கள். ஆல்கஹாலில் அரக்கு கரையும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலரவிட்டால் போதும்.

தட்டுக் கட்டைகள் ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு பெரியவை என்பதால் கழன்றாலும் வாய்க்குள் போகாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொருளில், 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் அடங்கிவிடும் துண்டு எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. சில நடைவண்டிகளில் கம்பியில் சிறு மணிகளைக் கோத்திருக்கிறார்கள், அவற்றைத் தவிர்க்கலாம். அதே கடையில் காட்டிய சொப்புச் சாமான்கள் அழகில் குறைவற்றவை. அதில் உள்ள கரண்டியும் மூடியும் இந்த அளவுக்கு உட்பட்டவை என்பதால் மூன்று வயது வரை அவற்றை அலமாரியின் மேல்தட்டில்தான் வைக்க வேண்டும்.

வண்டியில் ஐஎஸ்ஐ முத்திரை இல்லை. கேட்டதற்கு, “கைவினைப் பொருளுக்கு அது வேண்டியதில்லைங்க அம்மா” என்றார் கடைக்காரர். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம். விலக்கு பெறுவது மத்தியக் கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்துள்ள கைவினைஞர்கள் செய்தவையும், புவிசார் குறியீடு பெற்றவையும்தான். செய்தவரின் பதிவு விவரத்தைக் கேட்டபோது தெளிவான பதில் கிடைக்கவில்லை. இதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். முனைகள் மழுங்க இழைக்கப்பட்டிருந்தன, சிலாம்பு எதுவும் இல்லை என்பதை நாங்களே தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் வாங்கினோம்.

அதே கடையில் நான்கு சக்கரமும் சிறு பெட்டியும் வைத்த வண்டி 2,300 ரூபாய். கூடை கட்டும் வேலையும் கவிழும் பயமும் அதில் குறைவு. மலைவீட்டுக்கு வாங்குபவர்களுக்கு 650 ரூபாய் கூடக் கொடுத்து அதையே எடுக்கச் சொல்வேன். அச்சு மரமா இரும்பா என்று கேட்டு, மரமென்றால் சக்கரம் சற்றுத் தளர்வாகவே சுற்றும் வண்டியாகப் பார்த்து எடுங்கள். மழைக்காலத்தில் அந்தத் தளர்வு தானாகச் சரியாகிவிடும். தேய்ந்த சக்கரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதே அளவில் கடைந்து தருகிறார்கள். ஒன்றுக்கு 120 ரூபாய், கைக்கு வரப் பத்து நாள் ஆகும்.