விக்கியா, கிட்டா?

மென்பொருளின் ஆவணங்களை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று முடிவாகிவிட்டது. சரி, எங்கே வைப்பது: விக்கியிலா, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்து வைக்கும் கிட்டிலா (Git)?

1995-இல் வார்ட் கன்னிங்ஹாம் தொடங்கிவைத்த விக்கியின் பலம் வேகம்தான். நிறுவும் வழிமுறையில் ஒரு கட்டளை தப்பாக இருக்கிறதா? படித்தவரே 'தொகு' பொத்தானை அழுத்தி, ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்துவிட்டுப் போகலாம். அரை நிமிட வேலை. ஆர்ச் லினக்ஸ் விக்கி இப்படி வளர்ந்ததுதான். வேறு லினக்ஸ் வைத்திருப்பவர்களும் அதைத் தேடிப் போகிறார்கள்.

கிட்டில் அதே ஓர் எழுத்துக்கு ஃபோர்க் செய்து (தனக்கென ஒரு நகல் எடுத்து), புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கோரிக்கை) அனுப்பி, யாராவது பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். எழுத்துப்பிழை திருத்த வந்தவர் பாதியிலேயே ஓடிவிடுவார்.

ஆனால் பதிப்புகள் என்று வந்தால் விக்கி தடுமாறும். 2.0-இல் ஓர் அமைப்பின் (setting) பெயர் மாறுகிறது, 1.8-லேயே இருப்பவருக்குப் பழைய பக்கமும் வேண்டுமே? கிட்டில் பதிப்புக்கு ஒரு கிளை பிரித்தால் முடிந்தது. நிரலை மாற்றுபவரே அதே ரிக்வெஸ்ட்டில் விளக்கத்தையும் மாற்றலாம். உடைந்த இணைப்புகளைத் தானியங்கிச் சோதனை பிடித்துவிடும். இணைய நிரலாளர்களுக்கான எம்டிஎன் (MDN) ஆவணங்கள் 2020 டிசம்பரில் விக்கியை விட்டு, கிட் கோப்புகளை வைக்கும் தளமான கிட்ஹப்புக்கு மாறின.

ஸ்பேம் தொல்லை எதில் அதிகம் என்று சொல்லவே வேண்டாம், விக்கியில்தான்.

நானாக இருந்தால் ஏபிஐ (பிற நிரல்கள் மென்பொருளை அழைக்கும் வழி) விளக்கத்தையும் நிறுவும் வழிமுறையையும் கிட்டில் வைப்பேன். அனுபவக் குறிப்புகளையும் தற்காலிகத் தீர்வுகளையும் விக்கிக்கு விட்டுவிடுவேன். அப்புறம், கிட் பக்கம் ஒவ்வொன்றிலும் 'இந்தப் பக்கத்தைத் திருத்து' என்ற இணைப்பு கட்டாயம் இருக்கும். அது இருந்தால் உலாவியிலேயே திருத்தலாம், கட்டளை வரி தெரிந்திருக்க வேண்டியதில்லை.